கடைசல் லேத்துக்கு மாறுவேகம்: ஒரு பட்டறையில் செய்த மாற்றமும் அதில் நேர்ந்த பிழைகளும்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் மரக் கடைசல் என்றதும் குழந்தைகள் விளையாடும் செப்புச் சாமான்தான் நினைவுக்கு வரும். இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பட்டறையிலும் அதுவே பல ஆண்டுகளாக முதன்மை வேலையாக இருந்தது. இடையிடையே கட்டில் கால், மத்து, சப்பாத்தி உருளை, பம்பரம் ஆகியவையும் கடையப்படும். இவை அனைத்தும் கைக்குள் அடங்கும் தடிமன் உடையவை. ஆகவே பட்டறையில் இருந்த லேத்தின் வேகம் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. 10 அங்குலம், 12 அங்குலம் விட்டமுள்ள மரக் கிண்ணங்களுக்கும் தாம்பாளங்களுக்கும் வெளியூரிலிருந்து கேட்பு வந்த பிறகுதான், அந்த லேத் வேகமாகச் சுற்றுகிறது என்பதே ஒரு குறையாகத் தெரியத் தொடங்கியது.

நான் நூற்பாலை ஒன்றில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பட்டறை உரிமையாளர் என்னிடம் வந்தபோது ஏற்கெனவே ஒரு மோட்டாரை எரித்திருந்தார். அதன் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்ததையும், அதில் நான் செய்த பிழைகளையும் மறைக்காமல் இங்கே பதிவு செய்கிறேன்.

இருந்த அமைப்பு

வார்ப்பிரும்பு பெட் உடைய லேத். மைய உயரம் 7 அங்குலம் என்பதால் 12 அங்குலக் கட்டையைத் தாராளமாக ஏற்றலாம். ஓட்டுவது 1 குதிரைத்திறன் ஒருமுனை மோட்டார், நிமிடத்துக்கு 1440 சுற்று, கண்டென்சர் உதவியால் கிளம்பும் வகை. மோட்டாரிலும், கட்டையைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலிலும் எதிரெதிராக மூன்று படி புல்லிகள் இருந்தன. மோட்டார் புல்லியின் விட்டங்கள் 75, 100, 125 மில்லிமீட்டர். அவற்றுக்கு நேராக ஸ்பிண்டிலில் 150, 125, 100. எந்தப் படியிலும் இரண்டு விட்டங்களின் கூட்டுத்தொகை 225 ஆக இருப்பதால் ஒரே ஏ வகை பெல்ட் மூன்று படிகளுக்கும் பொருந்தும். பெல்ட் வழுக்கலைக் கணக்கில் எடுக்காவிட்டால் இதிலிருந்து கிடைக்கும் வேகங்கள் 720, 1152, 1800 ஆகிய மூன்று மட்டுமே.

கடைசல்காரர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் விடை 6000க்கும் 9000க்கும் இடையில் விழ வேண்டும். 4 அங்குலத் தூணுக்கு 1500 முதல் 2250 வரை சரி. 12 அங்குலக் கிண்ணத்துக்கு 500 முதல் 750 வரை. அப்படிப் பார்த்தால் 720 போதும் என்றே தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு, உருண்டையாகச் சமன் செய்யப்பட்ட கட்டைக்கு உரியது. கோடரியால் மூலை தட்டி, ஸ்பிண்டில் முனையில் உள்ள வட்டத் தகடான ஃபேஸ் பிளேட்டில் திருகி ஏற்றிய கட்டை முதல் சில நிமிடங்களுக்குச் சமனற்றே சுற்றும். அந்த நிமிடங்களில்தான் ஆபத்து.

அந்த ஆபத்து எவ்வளவு என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கட்டையின் ஒரு பக்கத்தில் மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி 200 கிராம் மட்டும் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 720 சுற்றில் அந்த 200 கிராம் ஸ்பிண்டிலை வெளிப்புறமாக இழுக்கும் விசை சுமார் 136 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 14 கிலோ எடை. அந்த 14 கிலோ வினாடிக்கு 12 முறை திசை மாறி மாறி இழுக்கும். லேத் தரையில் நகர்வதற்கும், கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள் தளர்வதற்கும் அதுவே காரணம். அதே கட்டையை 300 சுற்றில் ஓட்டினால் விசை இரண்டரைக் கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும், ஏனெனில் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அவருக்குத் தேவைப்பட்டது 250, 300 என்ற அளவில் கிளம்பி, கட்டை உருண்டையாக உருண்டையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளக்கூடிய வேகம்.

சிறு சாமான்களுக்கும் மாறுவேகத்தால் நன்மை உண்டு. அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தின் மேல் அழுத்தும்போது உராய்வில் பிறக்கும் வெப்பத்தால்தான் அரக்கு உருகிப் பரவுகிறது. மரம் ஒல்லியாக ஆக மேற்பரப்பின் வேகம் குறையும். குறைந்தால் அரக்கு இழுபடும், திட்டுத் திட்டாக ஒட்டும். பெல்ட்டை மாற்றுவதற்காக லேத்தை நிறுத்தினால் அதற்குள் அரக்கு ஆறிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகத்தைக் கூட்ட முடிவது இந்த வேலைக்குப் பெரிய வசதி.

ரெகுலேட்டர் எரித்த மோட்டார்

என்னிடம் வருமுன் அவர் செய்தது பலரும் செய்வதுதான். மின்விசிறிக்கு ரெகுலேட்டர் போல மோட்டாருக்கும் ஒன்று போட்டால் வேகம் குறையும் என்று நம்பி, 2000 வாட் டிம்மர் ஒன்றை வாங்கி மோட்டார் இணைப்பில் சேர்த்திருக்கிறார். கட்டை இல்லாமல் சும்மா ஓட்டியபோது வேகம் சற்றே இறங்கியதாம். கட்டையை ஏற்றி உளியை வைத்ததும் உறுமலோடு வேகம் விழுந்து, சிறிது நேரத்தில் கண்டென்சர் உப்பி, பிறகு புகை வந்திருக்கிறது.

இதில் வியப்பில்லை. இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தை நிர்ணயிப்பது மின்னழுத்தம் அன்று, அதிர்வெண். 50 ஹெர்ட்ஸில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். மோட்டார் அதைச் சற்றே பின்தங்கித் தொடர்ந்து 1440இல் ஓடும். மின்னழுத்தத்தைக் குறைத்தால் காந்தப்புலத்தின் வேகம் அப்படியே இருக்கும், முறுக்கு விசை மட்டும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விசிறியின் இறக்கைக்கு வேகம் குறையும்போது சுமையும் வெகுவாகக் குறைவதால் அங்கே இந்தத் தந்திரம் பலிக்கிறது. உளியின் சுமை அப்படிக் குறையாது. இதற்கு மேல், இந்த வகை மோட்டாருக்குள் மையவிலக்கு சுவிட்ச் ஒன்று இருக்கிறது. முழு வேகத்தில் முக்கால் பங்கை எட்டியதும் கிளப்பும் காயிலையும் அதன் கண்டென்சரையும் அது துண்டித்துவிடும். வேகம் மிகவும் விழுந்தால் மீண்டும் இணைத்துவிடும். சில வினாடிகளுக்கென்றே கட்டப்பட்ட காயில் நிமிடக்கணக்கில் மின்சாரத்தில் நின்றால் எரிவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

வழியைத் தேர்ந்தது

நேர்மின் மோட்டார் ஒன்றைப் போடலாமா என்று அவர் கேட்டார். பழைய டிரெட்மில்லிலிருந்து எடுத்த மோட்டார்களை லேத்துக்குப் பயன்படுத்துவோர் உலகெங்கும் இருக்கிறார்கள்; மலிவு, வேகமும் எளிதில் மாறும். ஆனால் அவை திறந்த உடல் கொண்டவை, கரித்துண்டு உரசும் இடம் வெளியே தெரியும். மரத்தூள் பறக்கும் இடத்தில் தீப்பொறி பறக்கும் மோட்டாரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தையல் இயந்திரத்துக்கான சர்வோ மோட்டாரும் சிறு லேத்துக்கு ஏற்றதே. 12 அங்குலக் கட்டைக்கு அதன் வலு போதாது. எஞ்சியது மூடிய உடல் கொண்ட மும்முனை மோட்டாரும், அதை ஓட்ட, மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றித் தரும் விஎஃப்டி என்ற கருவியும். ஆலையில் டிரைவ் என்று நாங்கள் சொல்லிவந்ததும் இதைத்தான்.

டிரைவ் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, ஏறத்தாழ 325 வோல்ட்டில் கெப்பாசிட்டர்களில் தேக்கிக்கொள்ளும். பிறகு அதையே வேகமாக நறுக்கி நறுக்கி, நாம் கேட்கும் அதிர்வெண்ணில் மும்முனை மின்சாரமாக வெளியே தரும். அதிர்வெண் குறையும்போது மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறைக்கப்படுவதால் மோட்டாரின் முறுக்கு விசை ஏறத்தாழ மாறாமல் நிற்கும். பட்டறைக்கு மும்முனை இணைப்பு தேவையில்லை என்பது இதன் பெரிய ஆதாயம். ஒரு வரம்பும் உண்டு: உள்ளே வருவது 230 என்றால் வெளியேயும் 230க்கு மேல் தர இயலாது. இந்த வரம்பில்தான் நான் சறுக்கினேன்.

மோட்டாரைப் பழைய இரும்புக் கடையில் வாங்கினோம். 1.5 குதிரைத்திறன், 1.1 கிலோவாட், 1420 சுற்று, உடல் அளவு 90 ஃப்ரேம். அதன் தண்டு 24 மில்லிமீட்டர். பழைய மோட்டாரின் தண்டு 19 மில்லிமீட்டரே. ஆகவே படி புல்லியை இரும்பு கடையும் லேத் பட்டறையில் கொடுத்து 24க்குத் துளை பெரிதாக்கி, 8 மில்லிமீட்டர் சாவிக் காடியும் வெட்டி வாங்கினோம். மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் உடலுக்கும் இடையே சோதித்ததில் குறையில்லை. மெக்கர் சோதனையை டிரைவை இணைக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். இணைத்த பின் மெக்கரைச் சுற்றினால் டிரைவின் உள்ளுறுப்புகள் போய்விடும். டிரைவ் 2 குதிரைத்திறன் அளவு, வெளியீடு 7 ஆம்பியர்.

மோட்டார் ஓடியது, உளியை வைத்ததும் நின்றது

முதல் நாள் சோதனை அருமையாக இருந்தது. 10 ஹெர்ட்ஸில் மெல்ல உருண்டது, 50இல் சத்தமின்றிப் பறந்தது. மறுநாள் காலை தொலைபேசியில் அவர் குரல்: “அண்ணாச்சி, மோட்டார் நல்லாத்தான் ஓடுது. உளியை வச்சா மட்டும் நின்னுருது.”

போய்ப் பார்த்தேன். 3 அங்குல உருளையில் மெல்லிய சீவல் எடுக்கும்போதே வேகம் தொய்ந்தது. சற்று அழுத்தினால் நின்றே போனது. 1 குதிரைத்திறன் பழைய மோட்டார் இதைவிட நன்றாக இழுத்தது என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். பெல்ட் வழுக்கவில்லை, புல்லியும் பெல்ட்டும் சேர்ந்தே நின்றன. டிரைவின் அமைப்பில் தாழ்வேக ஊக்கத்தை, அதாவது குறைந்த வேகத்தில் கூடுதலாகத் தரும் மின்னழுத்தத்தை, கூட்டிப் பார்த்தேன். 10 ஹெர்ட்ஸில் சிறு மாற்றம், 50இல் எதுவும் இல்லை. தாழ்வேகத்தில் மட்டும் வலுக் குறைந்திருந்தால் அமைப்பில் கோளாறு எனலாம். 50 ஹெர்ட்ஸிலும் வலு இல்லையென்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

பிறகுதான் மோட்டாரின் பெயர்த் தகட்டைத் துடைத்து மீண்டும் படித்தேன். 415 வோல்ட், 2.6 ஆம்பியர், பக்கத்தில் ஸ்டார் குறி, அதாவது மூன்று காயில்களின் ஒவ்வொரு முனையை ஒன்றாக முடிந்த இணைப்பு. வாங்கிய அன்றே இதைப் பார்த்தவன்தான் நான். ஆனால் நூற்பாலையில் என் கை பட்ட டிரைவ் எல்லாம் 415 வோல்ட் மும்முனை வாங்கி 415 வோல்ட் மும்முனை தருபவை. மோட்டாரின் மின்னழுத்தத்தை டிரைவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவையே அங்கு எழுந்ததில்லை. பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது. 415 வோல்ட் கேட்கும் மோட்டாருக்கு 230 மட்டும் கொடுத்திருக்கிறோம். அதாவது 55 விழுக்காடு. முறுக்கு விசை வர்க்கத்தில் குறையுமாதலால் கிடைப்பது 31 விழுக்காடு மட்டுமே. ரெகுலேட்டரைப் போட்டு அவர் செய்ததையே நான் விலை உயர்ந்த கருவியைக் கொண்டு செய்திருக்கிறேன் என்று சொன்னால் அது மிகையன்று.

தீர்வு மோட்டாருக்குள்ளேயே இருந்தது. ஸ்டார் இணைப்பில் ஒவ்வொரு காயிலுக்கும் போய்ச் சேருவது 415 அன்று. அதை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் 240 வோல்ட். அதே காயில்களை டெல்டாவாக, அதாவது ஒன்றின் முடிவை அடுத்ததின் தொடக்கத்தோடு முக்கோணமாக, மாற்றிக் கட்டினால், டிரைவ் தரும் 230 வோல்ட் ஒவ்வொரு காயிலுக்கும் நேராகக் கிடைக்கும். காயிலைப் பொறுத்தவரை எதுவும் மாறாது. டிரைவிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் மட்டும் 2.6இலிருந்து 4.5 ஆம்பியராகும். 7 ஆம்பியர் டிரைவுக்கு அது சுமையில்லை.

ஆனால் மூடியைத் திறந்தால் மூன்றே கம்பிகள். நம் நாட்டில் 2 குதிரைத்திறன் வரையிலான மும்முனை மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பில் வருகின்றன. அந்த ஸ்டார் முடிச்சைக் காயிலுக்குள்ளேயே கட்டி வார்னிஷ் ஊற்றி மூடிவிட்டு, மூன்று முனைகளை மட்டும் வெளியே விடுவதும் வழக்கமாக இருக்கிறது. ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால் தகடுகளை இடம் மாற்றி ஐந்து நிமிடத்தில் டெல்டா ஆக்கியிருக்கலாம். பழைய மோட்டார் வாங்குவோர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது இந்த மூடியைத்தான். பேரிங் சத்தம் கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

மோட்டாரைக் காயில் கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் பக்க மூடியைக் கழற்றி, காயில் தலையில் நூல் கட்டுக்கு அடியில் விரலால் தடவித் தடித்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். சூடுகாட்டி வார்னிஷை இளக்கி, நூலை அறுத்து, பற்றவைத்த முடிச்சைப் பிரித்து, மூன்று முனைகளுக்கும் புதிய கம்பி சேர்த்து, ஸ்லீவ் போட்டு, மறுபடி நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றி ஒரு நாள் காயவைத்தார். எந்த முனை எந்தக் காயிலின் முடிவு என்று மல்டிமீட்டரில் பார்த்துக் குறியிட்டுத் தந்ததுதான் அந்த வேலையின் உயிர். ஒரு காயில் தலைகீழாகப் போனாலும் மோட்டார் உறுமும், சூடேறும், டிரைவ் நின்றுவிடும். முதல் காயிலின் தொடக்கத்தோடு மூன்றாம் காயிலின் முடிவு, இரண்டாவதின் தொடக்கத்தோடு முதலாவதின் முடிவு, மூன்றாவதின் தொடக்கத்தோடு இரண்டாவதின் முடிவு என்று இணைத்து டெல்டா ஆக்கினோம். டிரைவில் மோட்டாரின் மின்னழுத்தம் 230, மின்னோட்டம் 4.5, அதிர்வெண் 50, சுற்று 1420 என்று பதிந்தோம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு டிரைவைத் தானாக மோட்டாரை அளந்துகொள்ள விட்டு, சுமைக்கு ஏற்ப மின்னோட்டத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வெக்டர் முறையில் அமைத்தோம். அன்று மாலை 8 அங்குல வேப்பங்கட்டையில் குழி உளியை அவர் எவ்வளவு அழுத்தியும் லேத் நிற்கவில்லை; உளிதான் சிக்கியது.

புல்லியைக் கழற்றாமல் விட்டது ஏன்

திருகைத் திருப்பினால் வேகம் மாறுகிறது, இனி மூன்று படி எதற்கு, ஒரே புல்லியாகப் போட்டுவிடலாமே என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்த மாற்றத்தில் பலர் தவறுவதும் இங்கேதான்.

டிரைவால் வேகத்தைக் குறைக்கும்போது முறுக்கு விசை மாறாமல் நிற்கிறது என்றேன். மாறாமல் நிற்கிறது, அவ்வளவுதான், கூடுவதில்லை. பெல்ட் படியை மாற்றி வேகத்தைக் குறைத்தாலோ, குறைந்த அளவுக்கு விசை கூடுகிறது. இந்த மோட்டாரின் முறுக்கு விசை 7.4 நியூட்டன் மீட்டர். ஸ்பிண்டில் 300 சுற்றில் ஓட வேண்டும் என்று கொள்வோம். நடுப் படியில் பெல்ட்டை வைத்து மோட்டாரை 13 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கினால், 12 அங்குலக் கட்டையின் விளிம்பில் கிடைப்பது 6 கிலோ அழுத்தம். முன்பு 720 சுற்று தந்த கீழ்ப் படியில் வைத்து மோட்டாரை 21 ஹெர்ட்ஸில் ஓட்டினாலும் ஸ்பிண்டில் அதே 300 சுற்றுதான். ஆனால் விளிம்பில் 10 கிலோ கிடைக்கும். உளி விளிம்பில் ஒரு முறை கடிக்கும்போது இந்த நான்கு கிலோ வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இன்னொரு காரணம் சூடு. மூடிய மோட்டாரைக் குளிர்விப்பது அதன் பின்பக்கத் தண்டிலேயே பொருத்திய விசிறி. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகவே சுற்றும். 12, 13 ஹெர்ட்ஸில் அரை மணி நேரம் கனமாகக் கடைந்தால் உடலில் கை வைக்க முடியாது. கீழ்ப் படியில் பெரும்பாலான வேலை 20 ஹெர்ட்ஸுக்கு மேலேயே முடிந்துவிடுவதால் தனி விசிறி வைக்க வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை.

அதிர்வெண்ணுக்குக் கீழ் எல்லை 15, மேல் எல்லை 75 என்று பூட்டினோம். 50க்கு மேலே மின்னழுத்தம் கூட இடமில்லாததால் விசை குறையும். மெருகு போடவும் மணல்தாள் தேய்க்கவும் விசை தேவையில்லை என்பதால் 75 வரை விட்டோம். சுமையில்லாத நிலையில் கீழ்ப் படியில் 225 முதல் 1125 வரையும், நடுப் படியில் 360 முதல் 1800 வரையும், மேல் படியில் 560 முதல் 2800 வரையும் கிடைக்கின்றன. 6 அங்குலத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டையும் கீழ்ப் படியில் மட்டுமே ஏற வேண்டும் என்று பட்டறையில் கட்டாயமாக்கினோம். அந்தப் படியில் திருகை யாரேனும் முழுவதும் திருப்பிவிட்டாலும் 12 அங்குலக் கட்டையின் விளிம்பு வினாடிக்கு 18 மீட்டரைத் தாண்டாது. அதுவும் அதிகம்தான் என்றாலும் தாங்கும். மேல் படியில் அதே தவறு நேர்ந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 45 மீட்டர், கட்டை சிதறிப் பறக்கும் வேகம். ஆக, பழைய புல்லி வலுவைத் தருவதோடு காவலும் காக்கிறது. டிரைவின் முகப்பில் சுற்று எண்ணிக்கையைக் காட்டும்படி அமைக்கலாம் என்றாலும், படிக்குப் படி அது பொய் சொல்லும் என்பதால் ஹெர்ட்ஸையே காட்டவிட்டு, மூன்று படிக்குமான வேகங்களை, ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கின் மேல் பெயிண்டில் எழுதிவைத்தோம்.

கிளம்புவதும் நிற்பதும்

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே எந்த சுவிட்சும் இருக்கக் கூடாது; ஓடும்போது அந்த இணைப்பைத் துண்டித்தால் டிரைவ் கெடும். ஆகவே பழைய சுவிட்சை அகற்றி, டிரைவின் கட்டளை முனைகளுக்குப் பச்சை, சிவப்பு என இரண்டு அழுத்து பொத்தான்களைக் கொடுத்தோம். நிலையாக நிற்கும் டாகிள் சுவிட்ச் போட்டிருந்தால் மின்வெட்டுக்குப் பிறகு மின்சாரம் வந்ததும் லேத் தானே கிளம்பக்கூடும். அழுத்து பொத்தானில் அந்த அச்சமில்லை. பொத்தான்களையும் வேகத் திருகையும் காந்தம் பொருத்திய ஒரு சிறு பெட்டியில் வைத்து, லேத்தின் மறுமுனையான டெயில்ஸ்டாக் பக்கம் நின்றாலும் எட்டும்படி செய்தோம். கட்டையை மாற்றும்போதோ உடலால் தொடும்போதோ பொத்தானை நம்பாமல், மின் இணைப்பையே துண்டிக்கும் எம்சிபியை அணைக்க வேண்டும். டிரைவைத் திறப்பதென்றால் அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் 325 வோல்ட் தேங்கி நிற்பதால் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

நிறுத்தும் நேரத்தை முதலில் ஒரு வினாடி என்று வைத்தோம். பெரிய கட்டையோடு சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் டிரைவ் மிகை மின்னழுத்தப் பிழை காட்டி விலகிக்கொள்ள, கட்டை தன் போக்கில் நெடுநேரம் சுற்றி நின்றது. காரணம் எளிது: 6 கிலோக் கட்டை 720 சுற்றில் வைத்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 190 ஜூல். வேகமாக நிறுத்தும்போது அது மோட்டார் வழியாக டிரைவுக்கே திரும்பி வரும். கெப்பாசிட்டர்களோ அதில் சிறு பங்கைத்தான் கொள்ளும். அந்த ஆற்றலைச் சூடாக்கிக் கழிக்கும் பிரேக் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கிச் சேர்த்திருக்கலாம். நாங்கள் நிறுத்தும் நேரத்தை 6 வினாடியாக்கினோம், அதற்கு மின்னியல் அல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. இந்த லேத்தின் ஃபேஸ் பிளேட் ஸ்பிண்டிலில் மரையால் ஏறி நிற்பது. ஸ்பிண்டில் சட்டென்று நின்று கட்டை தொடர்ந்து சுற்ற முயன்றால் மரை கழன்று, கட்டை பிளேட்டோடு கையை நோக்கி வரும். எதிர்த்திசையில் சுற்றுவதையும் இதே காரணத்துக்காக டிரைவில் பூட்டிவைத்தோம்.

ஆர்சிசிபியும் தூசியும் வெயிலும்

இணைத்த முதல் வாரத்தில், எர்த்துக்கு மின்னோட்டம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவியான வீட்டின் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தது. டிரைவின் வடிப்பானிலிருந்தும் மோட்டார் கம்பியிலிருந்தும் எர்த்துக்குச் சிறு மின்னோட்டம் எப்போதும் கசிகிறது. அது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கசிவோடு சேர்ந்து எல்லையைத் தொட்டது. ஆர்சிசிபியை எடுத்துவிடலாம் என்றும், எர்த்தைக் கழற்றினால் சரியாகிவிடும் என்றும் பக்கத்தில் யோசனை சொன்னார்கள். இரண்டாவது யோசனை உயிரை எடுக்கும். பட்டறைக்குப் பலகையிலிருந்து தனி வழி இழுத்து, இத்தகைய டிரைவுகளுக்கு உரிய எஃப் வகை ஆர்சிசிபியைத் தனியே வைத்தோம். 6 மீட்டராக இருந்த மோட்டார் கம்பியை ஒன்றரை மீட்டராகக் குறைத்தோம். விசில் போன்ற சத்தத்தைக் குறைப்பதற்காக 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றியிருந்த நறுக்கு அதிர்வெண்ணை 6க்கு இறக்கினோம். சத்தம் சற்றுக் கூடியது. ஆர்சிசிபி அதன்பின் விழவில்லை.

டிரைவின் உடலில் காற்றுத் துளைகள் உண்டு. மரத்தூள் அதற்குள் போகக் கூடாது. ரப்பர் விளிம்பு வைத்து மூடும் இரும்புப் பெட்டிக்குள் அதைப் பொருத்தினோம். பெட்டியை மேற்குச் சுவரில், தகரக் கூரைக்குச் சற்றுக் கீழே மாட்டியது என் இரண்டாவது பிழை. பங்குனி வரை ஒன்றும் தெரியவில்லை. சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் டிரைவ் சூட்டுப் பிழை காட்டி நிற்கத் தொடங்கியது. டிரைவே முழுச் சுமையில் 40 வாட் அளவுக்குச் சூடு விடும்; மூடிய பெட்டியில் அது வெளிக்காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரியை ஏற்றிவிடும்; அதன் மேல் தகரத்தின் அனல். பெட்டியைக் கிழக்குச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு மாற்றியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆறாம் மாதத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேகம் தானே ஏறி இறங்கத் தொடங்கியது. டிரைவைச் சந்தேகித்தவர்களே அதிகம். திருகைப் பிரித்துப் பார்த்தபோது 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் கரித் தடத்தில் மரத்தூள் மாவாகப் படிந்திருந்தது. மூடிய உடல் கொண்ட ஒன்றை வாங்கிப் போட்டோம். மோட்டார், டிரைவ், காயில் வேலை, பெட்டி, தனி வழி எல்லாம் சேர்ந்த செலவில் மிகச் சிறியது அதுதான்.

இப்போதைய நிலை

12 அங்குலக் கட்டைகளை அவர் கீழ்ப் படியில் 250 சுற்றில் கிளப்பி, உருண்டையானதும் 500க்கு ஏற்றி, உட்குழிவுக்கு 600 வரை கொண்டுபோகிறார். லேத்தின் கால்களுக்கு அடியில் முன்பு வைத்திருந்த மணல் மூட்டைகளை எடுத்துவிட்டார். செப்புச் சாமானுக்குப் பெரும்பாலும் மேல் படிதான். அரக்கு இழுக்கும்போது இடது கையால் திருகைத் தொட்டு வேகத்தைக் கூட்டிக்கொள்வது அவருக்கு இப்போது பழகிவிட்டது. பெல்ட்டை மாற்றுவது நாளுக்கு ஒரு முறைக்கு மேல் தேவைப்படுவதில்லை.

மணல்தாள் தேய்க்கும்போது எதிர்த்திசையிலும் ஓட்டினால் இழை படியாமல் மேற்பரப்பு வழவழப்பாகும் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு ஃபேஸ் பிளேட்டின் கழுத்தில் இரண்டு பூட்டுத் திருகுகள் போட்டு, ஸ்பிண்டிலில் அவை உட்கார ஒரு காடியும் வெட்ட வேண்டும். பிளேட் அதற்காக இரும்பு லேத் பட்டறைக்குப் போயிருக்கிறது. அது திரும்பி வந்து பொருந்தும் வரை எதிர்ச்சுற்று டிரைவில் பூட்டப்பட்டே இருக்கும்.